வேர்டில் சிவப்புக் குறி விழுந்த குறிஞ்சிப் படங்கள்

கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி கடைசியாகப் பெரிதாகப் பூத்தது 2018இல், அடுத்து 2030. அதுவரை நம்மிடம் இருப்பது அப்போது எடுத்த படங்கள்தான். அவற்றில் நிறையப் படங்கள் இன்று தனி ஃபைலாகக்கூட இல்லை. வேர்டில் ஒட்டி, கீழே இடமும் தேதியும் எழுதிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டார்கள். மழைக்காலத்தில் சேவ் ஆகும்போதே கரண்ட் போவதும், எழுதி முடிப்பதற்குள் பென்டிரைவைப் பிடுங்குவதும் மலையில் சகஜம். அப்புறம் திறந்து பார்த்தால் படத்துக்குப் பதில் வெறும் கட்டமும் சிவப்புப் பெருக்கல் குறியும் நிற்கும்.

படம் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முக்கியமாக, வேர்டு "சரிசெய்யட்டுமா" என்று கேட்டு ஃபைலைத் திறந்துகொடுத்தால், அதே பெயரில் சேவ் செய்யாதீர்கள். பக்கத்தோடு இணைப்பு அறுந்துபோன படங்களை வேர்டு புது ஃபைலில் எழுதுவதில்லை. உள்ளே பத்திரமாக இருந்த படம் அந்த ஒரு சேவில் நிஜமாகவே போய்விடும். முதலில் ஒரு நகல் எடுங்கள், எல்லா வேலையும் அந்த நகலில்தான்.

வேர்டு 2007இல் வந்த டாக்எக்ஸ் வகை ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதை அவிழ்த்தால் எழுத்தெல்லாம் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதிய ஒரு ஃபைலில் இருக்கும், படங்கள் மீடியா என்ற ஃபோல்டரில் தனித்தனியாகக் கிடக்கும். எழுத்துப் பக்கம் படத்தை மீடியா ஃபோல்டரில் உள்ள ஃபைல் பெயரால் குறிப்பதில்லை, ஓர் அடையாள எண்ணால்தான். அந்த எண் எந்தப் படத்துக்கு உரியது என்று சொல்ல இன்னொரு பட்டியல் ஃபைல் உண்டு. கோவில் வாசலில் செருப்பு விட்டு வாங்கும் டோக்கன் மாதிரிதான் இது: டோக்கன் தொலைந்தாலும் செருப்பு அங்கேயே இருக்கும்.

இந்தப் பட்டியல் கெட்டிருந்தால் சரிசெய்வது சுலபம். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் போதும். பட்டியலில் இல்லாத எண்கள் எவை, எந்த எண்ணும் உரிமை கோராத படங்கள் எவை என்று எடுத்துவிட்டு, இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டும். பக்கத்தில் ஒவ்வொரு படத்தின் அகலமும் உயரமும், ஓர் அங்குலத்துக்கு 9,14,400 என்ற அலகில் எழுதப்பட்டிருக்கும். அந்த விகிதத்தை மீடியா ஃபோல்டரில் உள்ள படத்தின் பிக்சல் விகிதத்தோடு ஒப்பிட்டால் பல படங்கள் தானாகப் பொருந்தும். ஓரம் வெட்டிய படம் பொருந்தாது. ஒரே போனில் எடுத்தவை பெரும்பாலும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்பதால் அங்கே கண்ணால்தான் பார்க்க வேண்டும். குறிஞ்சிச் சரிவை அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது, எது எந்த மலை என்று நிரலுக்குத் தெரியாது.

ஜிப்பே உடைந்திருந்தால் வேலை கொஞ்சம் கூடும். ஜிப்பின் அட்டவணை ஃபைலின் கடைசியில் இருப்பதால், பாதியில் நின்றுபோன ஃபைலில் முதலில் காணாமல் போவது அதுதான். ஆனாலும் உள்ளே ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் 80, 75, 3, 4 என்ற நாலு பைட் நிற்கும். அதைத் தேடித்தேடி ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம்.

இனி படமே கெட்டிருந்தால். ஜேபெக் வகைப் படம் 255, 216 என்ற பைட்டுகளில் தொடங்கி 255, 217 என்று முடியும், பிஎன்ஜி 137, 80, 78, 71 என்று தொடங்கும். இந்தத் தொடக்கத்தைப் பார்த்தாலே சில மர்மங்கள் தீரும்: பெயரில் ஜேபெக், உள்ளே வெப்பி (WebP) என்ற வேறு பட வடிவம் என்றிருந்தால் பழைய வேர்டுக்கு அதைத் திறக்கத் தெரியாது, வடிவம் மாற்றினால் போதும். முடிவு பைட்டைத் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. கேமரா படத்துக்குள் சின்ன மாதிரிப் படம் ஒன்று ஒளிந்திருக்கும், அதற்கும் தனித் தொடக்கமும் முடிவும் உண்டு. முதலில் கண்ட 255, 217இல் நிறுத்தினால் கையில் வருவது அந்தக் குட்டிப் படம்தான். பெரிய படம் மீட்க முடியாமல் போனால் அந்தக் குட்டியே பெரிய உதவி.

வால் அறுந்த ஜேபெக்கை படங்களைக் கையாளும் பைத்தானின் பில்லோ நூலகம், குறைப் படங்களை ஏற்றும் அமைப்பைப் போட்டால், முடிந்த வரை திறக்கும். மேல்பாதி தெளிவாக வரும், மீதி சாம்பல் நிறம். நடுவில் ஒரு பிட் புரண்டிருந்தால் நிலைமை வேறு. ஜேபெக் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறியது என்றுதான் எழுதுகிறது, அதனால் ஓர் இடத்துப் பிழை அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றின் நிறத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நீலச் சரிவு பச்சையாகும். அந்த இடத்துக்கு மேலே உள்ளதை வெட்டி வைத்துக்கொள்வதே நேர்மை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மீதியை நிரப்பினால் அழகாக வரும், ஆனால் அது 2018இல் பூத்த பூ இல்லை, ஆவணத்தில் அதை வைக்கவே கூடாது.

பட்டியலில் படத்தின் முகவரி "வெளியே" என்று குறிக்கப்பட்டிருந்தால் மட்டும் நிரலால் எதுவும் செய்ய முடியாது. படம் ஃபைலுக்குள் வரவே இல்லை, இணைப்பு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் என்று பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அந்த ஃபைலை முதலில் டைப் செய்த கம்ப்யூட்டர் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.