அநாதைப் பதிவுகள் எப்படி உருவாகின்றன?

ஒரு மருத்துவமனை டேட்டாபேஸில் இரண்டு டேபிள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் நோயாளிகளின் எண், பெயர், பிறந்த தேதி. இன்னொன்றில் ரத்தப் பரிசோதனை முடிவுகள். முடிவுகள் டேபிளில் நோயாளியின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதில் 4127 என்ற எண்ணுக்கு ஒரு சர்க்கரை அளவு பதிவாகியிருக்கிறது. நோயாளிகள் டேபிளில் 4127 என்று யாருமே இல்லை. அந்த அளவு யாருடையது?

இதைத்தான் அநாதைப் பதிவு என்கிறார்கள். இதில் எனக்குப் பெரிய கவலை, இது கண்ணில் படுவதே இல்லை என்பதுதான். இரண்டு டேபிள்களையும் ஜாயின் செய்து, அதாவது பொருந்தும் எண்களை வைத்து இணைத்து, எடுக்கும் அறிக்கையிலிருந்து இந்தப் பதிவு சத்தமில்லாமல் விழுந்துவிடும். பரிசோதனைகளை மட்டும் எண்ணும் அறிக்கையில் சேர்ந்துகொள்ளும். இரண்டு அறிக்கைகளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாது. ஏன் என்று யாருக்கும் புரியாது.

1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் தரவுகளை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அதற்கு முந்தைய அமைப்புகளில், ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையை முன்கூட்டியே அமைத்துவைக்க வேண்டும். காட் அந்தப் பாதைகளை நீக்கிவிட்டார். ஒரு டேபிளில் உள்ள மதிப்பும் இன்னொன்றில் உள்ள மதிப்பும் ஒன்றாக இருந்தால் போதும், அதுவே உறவு. பிரைமரி கீ, ஃபாரின் கீ என்ற சொற்கள் அவருடைய அந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன. பிரைமரி கீ ஒரு பதிவை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும். ஃபாரின் கீ இன்னொரு டேபிளின் பிரைமரி கீயைச் சுட்டும். ஆனால் வெறும் மதிப்புதான் உறவு என்றால், இல்லாத ஆளின் எண்ணையும் எழுதிவிடலாமே! அதைத் தடுக்க ஒரு விதியைத் தனியாக அறிவித்தாக வேண்டும். டேட்டாபேஸ்களோடு பேசும் மொழியான எஸ்க்யூஎலின் தரநிலைக்குள் அந்த விதி வந்தது 1989-இல்தான்.

சரி, இந்தச் சோதனையை நம் நிரலிலேயே செய்துகொள்ளக்கூடாதா? நல்ல நிரலாளர்கள்கூட இப்படிக் கேட்பதுண்டு. வெறுமனே பார்த்துவிட்டுச் செய்வது போதாது என்பதற்குக் காரணம், ஒரே நேரத்தில் பலர் வேலை செய்வது. முதல் நிரல் 4127 இருக்கிறாரா என்று பார்க்கிறது, இருக்கிறார். அதே நொடியில் இரண்டாவது நிரல் 4127-க்கு ஏதாவது முடிவு பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறது, இல்லை. முதலாவது, முடிவைச் சேர்க்கிறது. இரண்டாவது, நோயாளியை நீக்குகிறது. இரண்டுமே ஒழுங்காகச் சரிபார்த்துவிட்டுத்தான் செய்தன, ஆனாலும் ஓர் அநாதைப் பதிவு உருவாகிவிட்டது.

ஃபாரின் கீ என்று அந்த விதியை டேட்டாபேஸிலேயே அறிவித்திருந்தால் கதை வேறு. முடிவைச் சேர்க்கும்போதே டேட்டாபேஸ், நோயாளியின் பதிவின் மேல் ஒரு லாக் (பிறர் மாற்றாதபடி ஒரு பூட்டு) போடுகிறது. நீக்க வருபவர், ஒன்றாகச் செய்து முடிக்க வேண்டிய வேலைத் தொகுப்பான அந்த டிரான்சாக்‌ஷன் முடியும்வரை காத்திருக்க வேண்டும். முடிந்த பிறகு, 4127-க்கு ஒரு முடிவு இருக்கிறது என்று நீக்கல் மறுக்கப்படும். நீக்கல் முந்திக்கொண்டால், சேர்ப்பது மறுக்கப்படும். யார் முந்தினாலும் அநாதைப் பதிவு மிஞ்சாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் 2013-இல் வெளியிட்ட 9.3 பதிப்பில் இந்த லாக்கை இன்னும் இலகுவாக்கியது: கீயை மாற்றுவதும் நீக்குவதும்தான் காத்திருக்கும், நோயாளியின் பெயரைத் திருத்துவது தடைபடாது. மிக நுட்பமான வேலை இது.

நீக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். மறுத்துவிடலாம், சுட்டும் எண்ணை நல் (மதிப்பு எதுவும் இல்லாத வெற்றிடம்) ஆக்கலாம், கேஸ்கேட் என்று சொல்லிச் சார்ந்த பதிவுகளையும் சேர்த்தே அழிக்கலாம். கேஸ்கேட் வசதியானது, ஆனால் ஒரு நோயாளியை நீக்கினால் அவருடைய பல வருடப் பரிசோதனைகளும் கேள்வியே இல்லாமல் போய்விடும். தனக்கென்று தனி வாழ்வில்லாத பதிவுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

விதியை எழுதிவிட்டாலே அது காக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் அதை இயக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் பழைய மைஐசாம் வகை டேபிள்கள் ஃபாரின் கீயை ஏற்றுக்கொள்வதுபோல் ஏற்று, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சுட்டும் நெடுவரிசையில் நல் இருந்தால் சோதனையே நடக்காது. முடிவுக்கு நோயாளி கட்டாயம் என்றால் நல் கூடாது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் அந்த நெடுவரிசைக்குத் தானாக இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) போடாது. அதை மறந்தால், ஒரு நோயாளியை நீக்க முடிவுகள் டேபிள் முழுவதையும் தேட வேண்டிவரலாம்.

இன்னொன்றும் உண்டு. 4127 என்று எழுத வேண்டிய இடத்தில் 4172 என்று எழுதி, அப்படியும் ஒருவர் இருந்துவிட்டால், ஃபாரின் கீ அதை ஏற்றுக்கொள்ளும். சுட்டப்படும் ஆள் இருக்கிறாரா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சரியான ஆளா என்பதை மாதிரி எடுக்கும் இடத்திலேயே உறுதிசெய்ய வேண்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் ஃபாரின் கீ சேர்ப்பதென்றால், முதலில் லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாத பதிவுகளையும் விடாமல் காட்டும் இணைப்பு) போட்டு, துணை கிடைக்காத பதிவுகளைத் தேடி எடுங்கள். போஸ்ட்கிரெஸில் பழைய பதிவுகளை இப்போதைக்குச் சோதிக்காமல், புதியவற்றுக்கு மட்டும் விதியை அமல்படுத்த வழி இருக்கிறது. அதனால் பழைய அநாதைப் பதிவுகளை அவசரப்பட்டு அழிக்கத் தேவையில்லை. அவற்றைத் தனி டேபிளுக்கு மாற்றி, ஆய்வகக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, உரியவர் கிடைத்தால் சேர்த்துவிடலாம். அப்புறம் விதியைப் பழைய பதிவுகளுக்கும் பொருத்திச் சரிபார்க்கச் சொல்லலாம்.