ஆயாவின் காவடிப் பாட்டு ஏன் பாடவில்லை?

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் ஆயா வீட்டுப் பழைய கணினிக்குப் பல வருடம் முன்பு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்தேன். மறுநாளே போன்: "என்னடா, காவடிப் பாட்டு ஒண்ணும் பாட மாட்டேங்குது?" எல்லாம் எம்பி3 கோப்புகள்.

அவற்றைப் பாடவைக்கும் நிரல் இல்லாமலில்லை, மூலநிரலோடு இலவசமாகவே கிடைத்தது. சிக்கல் என்னவென்றால் ஒரு நிரலுக்கு இரண்டு பூட்டு. எழுதிய வரிகளுக்குப் பதிப்புரிமை, அந்த வரிகளுக்குள் இருக்கும் உத்திக்குக் காப்புரிமை. சமையலில் சொன்னால், குறிப்பேட்டை நகலெடுக்காதே என்பது முதலாவது. நீயே யோசித்துக் கண்டுபிடித்திருந்தாலும் அந்த முறையில் தாளிக்காதே என்பது இரண்டாவது (இது எனக்கு இன்றும் அநியாயமாகத்தான் படுகிறது). நிரலை எழுதியவர் தன் வரிகளை ஊருக்கே கொடுத்துவிடலாம், ஆனால் உத்தி ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் போன்றவர்களிடம் இருந்தது.

சரி, காசு கட்டிவிட்டால்? யார் எத்தனை நகல் எடுப்பார்கள் என்றே தெரியாத ஒன்றுக்கு என்ன கணக்கில் கட்டுவது! அதோடு, இலவச நிரல்கள் பல வெளிவரும் ஜிபிஎல் என்ற உரிமத்தின், 1991-இல் வந்த 2-ஆம் பதிப்பின் 7-ஆம் பிரிவு வேறு இருக்கிறது: உன்னிடம் வாங்குபவர்கள் கட்டணமில்லாமல் மேற்கொண்டு பகிர முடியாதபடி காப்புரிமை தடுத்தால், நீயும் பகிரவே கூடாது. தனக்கு மட்டும் அனுமதி வாங்கித் தப்பிக்க வழியில்லை.

இத்தனைக்கும் நம் தென்னாப்பிரிக்காவின் 1978 காப்புரிமைச் சட்டம், 25-ஆம் பிரிவில், வெறும் கணினி நிரலைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த்தும் இங்கே வெல்கமில் பிறந்தவர்தான், உபுண்டு என்ற பெயரும் நம்மூர்ச் சொல். ஆனால் டர்பனுக்கு வரும் அதே வட்டு அமெரிக்காவுக்கும் போகுமே, அங்கே வழக்குப் போட்டால்? அதனால் இப்படிப்பட்ட கோடெக்குகளை (பாட்டு, வீடியோக் கோப்புகளை ஓடவைக்கும் நிரல்களை) தனிப் பொதியாக ஒதுக்கி, வேண்டுமென்றால் நீங்களே நிறுவிக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். ஆயாவுக்கும் ஒரே கட்டளையில் வேலை முடிந்தது. எம்பி3 காப்புரிமைக்குக் கட்டணம் வாங்கிய உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிந்துவிட்டது. வீடியோவில் தலைவலி ஓயவில்லை: 2022-இல் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகை, எச்.264 வடிவ வீடியோவை கிராபிக்ஸ் சிப் வழியாக ஓட்டும் வசதியைத் தன் மேசா இயக்கிகளில் (அந்தச் சிப்பை இயக்கும் நிரல்களில்) நிறுத்தியது.

வட்டில் கோப்புகளை ஒழுங்காகச் சேமித்துவைக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் கதை இன்னும் விசித்திரம். அதன் உரிமமான சிடிடிஎல், லினக்ஸின் மையநிரலான கர்னலின் ஜிபிஎல் இரண்டுமே கட்டற்ற உரிமங்கள்தான், இருந்தும் ஒட்டவில்லை. கலந்தால் மொத்தமும் என் உரிமத்தில் வரவேண்டும் என்கிறது ஜிபிஎல். என் கோப்புகள் என் உரிமத்திலேயே இருக்கும் என்கிறது மற்றது. 2016-இல் உபுண்டு 16.04 அதைத் தொகுத்த (நேரே ஓடத் தயாரான) வடிவிலேயே சேர்த்தது, ஜிபிஎல் மீறல் என்றது கட்டற்ற மென்பொருளுக்காக உழைக்கும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி. டெபியன் என்ற லினக்ஸ் வகை மூலநிரலை மட்டும் கொடுக்கிறது, கர்னலோடு சேர்ப்பது உங்கள் கணினியில் நடக்கும். வீட்டுக்குள் எதோடு எதைக் கலந்தாலும் ஜிபிஎல் கேட்காது, கலந்ததை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போதுதான் கேட்கும்.