ரீமேப் செய்த காருக்குக் கோல்ட் பிளக் வாங்குவதற்கு முன்

டர்போ பெட்ரோல் காரை ரீமேப் செய்தவர்களில் (சக்தி கூட என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றியவர்களில்) பலர், அடுத்த வேலையாக ஒரு படி கோல்டான ஸ்பார்க் பிளக் போட்டுத் தரும்படி எங்கள் பட்டறையில் கேட்கிறார்கள். சில என்ஜின்களுக்கு அது தேவையான மாற்றம்தான். ஆனால் அதனால் சக்தி கூடும் என்றோ நாக்கிங் (கலவை கட்டுமீறி எரிந்து என்ஜின் தட்டுவது) நின்றுவிடும் என்றோ நம்பி வாங்கக் கூடாது. இக்னிஷன் டைமிங் (பொறி பாயும் நேரம்) அளவுக்கு மீறி முன்னதாக இருந்தாலும், ஆக்டேன் குறைந்த பெட்ரோல் ஊற்றினாலும் வரும் நாக்கிங்கை அந்தந்த இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

கோல்ட், ஹாட் என்பது பொறியின் சூட்டைக் குறிப்பதன்று. நடு எலெக்ட்ரோடைச் சூழ்ந்த பீங்கான் மூக்கு குட்டையாக இருந்தால், அது வாங்கும் வெப்பம் விரைவாகச் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கிவிடும்; அது கோல்ட் பிளக். நீளமாக இருந்தால் நுனியிலேயே தங்கும்; அது ஹாட் பிளக். நுனி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் படிகிற கரி தானாக எரிந்து நீங்கும். 850 டிகிரியைத் தாண்டினால், பொறி பாயும் முன்பே நுனி கலவையைப் பற்றவைத்து, பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும். ஒரு படி மாறினால் நுனியின் வெப்பம் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். கூடுதலாகும் ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி என்பது பொது வழக்கம். எனவே, 20 குதிரைத்திறன் மட்டுமே கூடிய, நகர நெரிசலில் ஓடும் காருக்குக் கம்பெனி பிளக்கே போதும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப்பட்ட ஓட்டத்தில் கோல்ட் பிளக்கின் நுனி சூடேறாமல் கரி பிடித்து, கலவை பற்றாமல் மிஸ்ஃபயர் ஆகும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

நான் மிகவும் அஞ்சுவது எண் குழப்பத்தைத்தான். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் கோல்ட். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் ஹாட். என்ஜிகே 6க்கு டென்சோ 20 இணை, 7க்கு 22 இணை. இதை அறியாமல் பிராண்டை மாற்றி, பெரிய எண்ணைத் தேடி வாங்குபவர், பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏற்றிய என்ஜினுக்கு ஹாட் பிளக்கை மாட்டிவிடுகிறார்.

முழு பூஸ்டில் மட்டும் மிஸ்ஃபயர் வந்தால், ஹீட் ரேஞ்சைவிட (கோல்ட், ஹாட் படியைவிட) கேப்பையே (எலெக்ட்ரோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியையே) முதலில் சந்தேகிக்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது பொறி பாய அதிக வோல்டேஜ் தேவைப்படுவதால், கேப்பைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். இரிடியம் பிளக்கில் மெல்லிய நடு எலெக்ட்ரோடின் மேல், கேப்பை அளக்கும் கேஜ் அழுந்தவே கூடாது.

வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்கை அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை, என்ஜின் ஆறிய பின், முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். தளர்வாக இருந்தால் வெப்பம் ஹெட்டுக்கு இறங்காது; கோல்ட் பிளக்கும் கொதித்துப்போகும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளிர் சாம்பலாகவோ இளம்பழுப்பாகவோ இருந்தால் தேர்வு சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பிளக் அதிகக் கோல்ட், அல்லது கலவையில் பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால், அந்தக் காரை மீண்டும் முழு பூஸ்டில் ஓட்டாமல், ரீமேப் செய்தவரிடம் உடனே காட்டுங்கள்.