புழங்குவண்டி: 'பீட்டர்' சைக்கிளுக்குத் தமிழில் என்ன பெயர்?

"தினசரி வேலைகளுக்குப் பழுதடைந்த மிதிவண்டி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது." சைக்கிள் பராமரிப்பைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் சென்ற வாரம் இந்த வரியைப் படித்தேன். இது முதல் தடவை இல்லை. 'உடைந்த சைக்கிள்', 'ஓட்டைச் சைக்கிள்', 'அடிபட்ட மிதிவண்டி' என்று இதே பொருளை வேறு வேறு இடங்களில் பார்த்து, ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். இந்தத் தடவை முடியவில்லை. பழுதடைந்த வண்டியில் ஏறித் தினமும் சாலைக்குப் போகும்படி யாராவது யோசனை சொல்வார்களா? பிரேக் பிடிக்காத வண்டியும் பழுதடைந்த வண்டிதான். எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தாலே அந்த வரி உறுத்தியிருக்கும்.

மூலத்தில் இருந்த சொல் 'பீட்டர் பைக்'. ஆங்கிலத்தில் 'பீட்' என்றால் அடித்தல். அடிபட்டும் மிதிபட்டும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய காரை அமெரிக்கர்கள் 'பீட்டர்' என்பார்கள். அந்தப் பெயர் சைக்கிளுக்கும் ஒட்டிக்கொண்டது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு நல்ல வண்டியை அரித்துவிடும் என்பதால், அந்தச் சில மாதங்களுக்கென்றே தனியாக ஒரு பீட்டர் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பிரிட்டனில் இதையே 'ஹேக்' என்பார்கள். சாதாரணச் சவாரிக்கும் வாடகைக்கும் விட்ட குதிரையின் பெயரான 'ஹாக்னி' சுருங்கி 'ஹேக்' ஆனது. இன்னொரு சொல் 'நாக்கபவுட்'. முரட்டு உழைப்புக்கு அணியும் உடை, அங்குமிங்கும் போய்வர உதவும் சின்னப் பாய்மரப் படகு என்று பலவற்றுக்கும் அந்த அடைமொழி உண்டு. சொல் வரலாறு இவ்வளவு போதும். மற்ற மொழிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். டச்சுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் அன்றாட வண்டியை 'ஓமாஃபீட்ஸ்', அதாவது பாட்டி சைக்கிள் என்கிறார்கள். ஜப்பானில் அது 'மாமாச்சாரி', அம்மா சைக்கிள். அடி, உடைசல், பழுது எதுவும் அந்தப் பெயர்களில் இல்லை. யார் ஓட்டுகிறார்கள் என்பதை வைத்தே பெயர் அமைந்துவிட்டது.

சரி, எந்தச் சைக்கிளை இப்படிச் சொல்லலாம்? சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் இங்கேதான் சறுக்குகின்றன.

நினைத்த நேரத்தில் எடுத்துப் போகவும், எங்கேயும் சாய்த்து வைக்கவும், மழையில் நனையவிடவும் மனம் பதறாத வண்டி அது. அதற்கு முதலில் எஃகு ஃபிரேம் வேண்டும். எஃகு நசுங்கினாலும் ஓடும். வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். விட்டுப்போனால் வெல்டிங் வைக்கலாம். கார்பன் ஃபிரேம் அப்படி இல்லை, ஒரு இடி வாங்கினால் வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கலாம். டயர் தடிமனாக இருக்க வேண்டும். பழைய ரோட்ஸ்டர் வண்டிகளின் 28 × 1½ அங்குல டயர் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம். குழியில் இறங்கி ஏறினாலும் ரிம்மைக் காப்பாற்றிவிடும். மட்கார்டு, செயின் கார்டு, கேரியர், ஸ்டாண்டு நான்கும் இருந்தே ஆக வேண்டும். பந்தய வண்டிக்கு இவை வீண் எடை. இந்த வண்டிக்கு இவை இல்லையென்றால் உடுப்பில் சேறு, கால்சட்டையில் கிரீஸ், பையை மாட்ட இடமில்லை, நிறுத்தச் சுவர் தேட வேண்டும். பெடல் தட்டையாக இருக்க வேண்டும், எந்தச் செருப்போடும் ஏறிவிடலாம். கியர் இல்லாமலே காலம் தள்ளலாம். வேண்டுமென்றால் 1900களின் தொடக்கத்திலேயே வந்துவிட்ட மூன்று வேக ஹப் கியர் போதும். எல்லாம் சக்கரத்தின் குடத்துக்குள் அடங்கியிருப்பதால் கீழே விழுந்தாலும் வளைந்து தொலைக்க வெளியே ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது. சக்கரம் நட்டு போட்டு முறுக்கியதாக இருப்பது நல்லது. நெம்புகோலைத் திருப்பினால் கையோடு வந்துவிடும் சக்கரம் திருடனுக்கும் அதே வசதியைத் தரும்.

பழைய வண்டி என்றாலே இதற்குப் பொருந்திவிடும் என்று நினைப்பதும் தவறு. குரோம் பூசிய எஃகு ரிம் இருக்கிறதே, அது ஈரம் பட்டால் பிரேக் கட்டையைப் பிடிக்க விடாமல் வழுக்கும். மழையிலும் ஓட வேண்டிய வண்டிக்கு அலுமினிய ரிம்தான் நல்லது.

என்னுடைய வண்டியையே சொல்கிறேன். கம்பத்தில் சாய்த்துச் சாய்த்தே மேல் பாரில் உள்ளங்கை நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்து எஃகு தெரிகிறது. இடது கைப்பிடி ரப்பர் கிழிந்து, அதன்மேல் நூல் சுற்றியிருக்கிறேன். பின் மட்கார்டில் ஒரு நசுங்கல். ஆனால் பிரேக் கட்டைகள் நான்கும் புதியவை. சக்கரங்களில் கோட்டம் இல்லை. செயினை மாதம் ஒரு தடவை ஸ்கேல் வைத்து அளப்பேன்: 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் அது பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். மேல்பூச்சுத் துருவை நான் பொருட்படுத்துவதே இல்லை. ஃபிரேமில் குழாய்கள் சேரும் மூட்டுகளை மட்டும் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்ப்பேன். அங்கே மயிரிழை விரிசல் தெரிந்தால் அன்றோடு அந்த வண்டி நின்றுவிடும். வெளியே எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளே ஒரு குறையும் இல்லாத இந்த வண்டியைப் பார்த்து 'பழுதடைந்தது' என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அதனால் 'பழுது', 'உடைசல்', 'ஓட்டை', 'டப்பா' எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறேன். 'பழைய மிதிவண்டி'யும் உதவாது. இந்த வேலைக்கென்றே புதிதாக வாங்கலாம், பழைய பந்தய வண்டி இதற்குச் சற்றும் ஆகாது. 'பீட்டர்' என்றே தமிழில் எழுதிவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குச் 'சைக்கிள்' என்ற சொல்மேல் பகை இல்லை, பேச்சில் அது ஊறிவிட்டது. ஆனால் பீட்டர் ஊறிய சொல் இல்லை. மேலும் தமிழில் 'பீட்டர் விடுவது' என்றால் ஆங்கிலம் பேசிப் பகட்டுவது. பகட்டே இல்லாத வண்டிக்கு அந்தப் பெயர் நேர்மாறாக ஒலிக்கும்.

என் உண்மையான சண்டை 'அடிவண்டி' என்ற ஆக்கத்தோடுதான். தமிழில் சொல்லாக்க வேண்டும் என்ற அக்கறை உள்ளவர்கள் முன்வைப்பது இது. அந்த அக்கறை எனக்கும் உண்டு, அதனால்தான் இதை எளிதாக விட முடியவில்லை. 'பீட்' என்றால் அடி, எனவே அடிவண்டி. கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் சொல்லுக்குக் காது என்று ஒன்று உண்டு. தமிழில் 'அடி' என்று தொடங்கினால் முதலில் வருவது கீழ்ப்பகுதி: அடிவயிறு, அடிமரம், அடிப்பாகம். அடிவண்டி என்றால் வண்டியின் அடிப்பக்கமா என்று கேட்கத் தோன்றும். சரி, வழக்கில் பழகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அடித்தல் பொருளில் இதே அமைப்பில் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல் எது? அடிமாடு. உழைத்து ஓய்ந்து, இனி உதவாது என்று வெட்டுக்கு அனுப்புகிற மாடு. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த காதில் அடிவண்டி எப்படி விழும்? உடைத்து எடைக்குப் போட வேண்டிய வண்டியாகத்தான் விழும். நாம் பெயர் தேடுவது தினமும் உழைக்கிற வண்டிக்கு. பொருள் தலைகீழாகிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு, கொஞ்சம் கனமான மறுமொழிதான். 'அடிப்பட்ட வழக்கு' என்றால் நெடுநாளாகப் பயின்று நிலைபெற்ற வழக்கு என்று பொருள். அப்படியானால் 'அடி'யில் பயிற்சி, பழக்கம் என்ற பொருளும் ஒளிந்திருக்கிறது, அடிவண்டி அதையும் குறிக்கும் என்கிறார்கள். அழகான வாதம். ஆனால் அங்கே அந்தப் பொருளைத் தருவது 'அடிப்படு' என்ற முழு வினை. அதில் நடுவே நிற்கும் ஒரு 'ப்' போனால் 'அடிபட்ட' ஆகிவிடும், விபத்தில் சிக்கியது என்று பொருளாகிவிடும். ஒற்றெழுத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற அந்தப் பொருள், 'பட்ட' என்பதையே வெட்டி எறிந்த பிறகு வெறும் 'அடி'யில் எப்படித் தங்கும்? சொல்லை ஆக்கியவர் மனத்தில் மட்டும் தங்கும். படிக்கிறவர் மனத்துக்கு வராது.

அடிப்படையான தவறு ஒன்று இருக்கிறது. ஆங்கிலச் சொல் எந்த வழியாக அந்தப் பொருளுக்கு வந்ததோ அதே வழியாகத் தமிழும் வர வேண்டும் என்று நினைப்பது. ஆங்கிலத்துக்காரனுக்கு அந்த வண்டியைப் பார்த்ததும் அடி நினைவுக்கு வந்தது. டச்சுக்காரனுக்குப் பாட்டி நினைவுக்கு வந்தாள். தமிழ் பேசுகிறவர்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்றல்லவா கேட்க வேண்டும்?

அதற்குப் பதில் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. 'புழங்குகிற பாத்திரம்' என்கிறோம். எடுத்து வைக்கிற பாத்திரம் வேறு, புழங்குகிற பாத்திரம் வேறு. புழங்குகிற பாத்திரம் நசுங்கியிருக்கலாம், கரி பிடித்திருக்கலாம், ஒழுகக் கூடாது. நான் மேலே ஒரு பத்தி முழுக்கச் சொன்னதை இந்த ஒரு வினைச்சொல் சொல்லிவிடுகிறது. கை போனபோக்கில் எடுப்பது, பதறாமல் கையாள்வது, நாள்தோறும் பயன்படுவது, அதனாலேயே தேய்வது எல்லாம் 'புழங்கு' என்பதில் அடக்கம். பணப்புழக்கம், ஆள் புழக்கம், சொற்புழக்கம் என்று எங்கே போனாலும் ஓய்ந்து கிடக்காமல் நடமாடுவதையே அது குறிக்கிறது. 'நாக்கபவுட்' என்பதில் இருக்கிற அங்குமிங்கும் போய்வருகிற சாயலும் இதில் கூடவே வந்துவிடுகிறது. ('புழக்கடை'யை இதோடு சேர்க்க வேண்டாம். அது புழைக்கடை; புழை என்ற சிறுவாசலிலிருந்து வந்தது.)

எனவே புழங்குவண்டி. மிதிவண்டி எப்படி வினைத்தொகையோ அப்படியே இதுவும் வினைத்தொகை. புழங்கிய வண்டி, புழங்குகிற வண்டி, இனியும் புழங்கும் வண்டி என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கின்றன. 'ஏவுகணை' தமிழில் வேரூன்றியதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிரித்துச் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. சைக்கிள்தான் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'புழங்கு மிதிவண்டி' என்று எழுதலாம். ஆங்கிலத்தில் கார், சைக்கிள் இரண்டுக்கும் பீட்டர் பொதுவாக இருப்பதுபோல, புழங்குவண்டியும் இரண்டுக்கும் பொருந்தும்.

'புழுங்கு' என்று வாசித்துவிடுவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு உகரக் கொக்கிதான் வித்தியாசம், உண்மைதான். ஆனால் பணப்புழக்கத்தை யாரும் வியர்வையோடு குழப்பிக்கொள்வதில்லை. 'அன்றாட மிதிவண்டி' போதாதா என்பது இன்னொரு கேள்வி, இதற்கு மதிப்பு உண்டு. போதாது என்பேன். விலை உயர்ந்த வண்டியிலும் ஒருவர் அன்றாடம் வேலைக்குப் போகலாம். போய் இறங்கியதும் அதை உள்ளே தூக்கி வைத்து இரண்டு பூட்டுப் போடுவார். அது அன்றாட வண்டி, ஆனால் புழங்குவண்டி ஆகாது. எத்தனை நாளைக்கு ஒரு தடவை எடுக்கிறோம் என்பதை 'அன்றாடம்' சொல்லும், எப்படிக் கையாள்கிறோம் என்பதைச் சொல்லாது.

சைக்கிள் விஷயத்தில் மொழிபெயர்ப்பாளர்களின் அவசரம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. டூரிங் சைக்கிளைச் 'சுற்றுலா மிதிவண்டி' ஆக்கிவிட்டார்கள். அது சுமை கட்டிக்கொண்டு நாள்கணக்கில் ஓட்ட ஏற்ற வண்டி. நெடும்பயண மிதிவண்டி என்றால் முடிந்தது. ஃபிக்ஸட் கியர் 'நிலையான கியர்' ஆயிற்று. பின் பல்சக்கரம் பின்சக்கரத்தோடு இறுகியிருப்பதால் வண்டி ஓடும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்ற முக்கியமான செய்தி அதில் இல்லை. சாலை சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த ஹைபிரிட் 'கலப்பின மிதிவண்டி'யாம். சைக்கிளுக்கு ஏது இனம்? பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத மலை சைக்கிளை, ஹார்ட்டெயில் என்பதால், 'கடினவால்' என்றே எழுதியதையும் படித்திருக்கிறேன். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். அந்த வண்டியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தவர், ஓட்டுகிறவரிடம் 'இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்' என்று கேட்டவர், இப்படி எழுத மாட்டார்.

தொடக்கத்தில் சொன்ன வரியின் மூலத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். தமிழில் இப்படி வரும்: "தினசரி வேலைகளுக்கென்று ஒரு புழங்குவண்டி வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் போயிருந்தால் பரவாயில்லை. பிரேக் மட்டும் கச்சிதமாக இருக்கட்டும்." பிரேக்கைப் பற்றிய அந்தக் கடைசி வாக்கியம் மொழிபெயர்ப்பில் இல்லவே இல்லை. 'பழுதடைந்த' என்று எழுதிவிட்ட பிறகு அதோடு ஒட்டவில்லை என்று விட்டுவிட்டார் போல.