கொரிய நாடகம் என்றாலே வெள்ளை உடை எதற்கு?

போன மாதமும் அதே கதைதான். ஐரோப்பாவில் ஒரு குழு, கொரிய நாடகாசிரியர் இ காங்-பேக் எழுதிய ‘காவல்காரன்’ நாடகத்தை ஆங்கிலத்தில் போடுகிறது. அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மொழி ஆலோசனைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் எல்லோருக்கும் ஹான்போக் என்கிற கொரியப் பாரம்பரிய உடை, அதுவும் வெள்ளையில்; பின்னணியில் கயகும் என்ற தந்தி வாத்திய இசை, ஆமை நடை. ஏன் என்று கேட்டேன். “கொரியர்களின் ஹன்” என்றார் இயக்குநர்.

ஹன் என்றால் நெஞ்சில் புதைந்த தீராத துயரம். அந்தச் சொல் உண்டு, உணர்வும் உண்டு. ஆனால் கொரியக் கலை முழுவதையும் அதை வைத்தே அளப்பது தவறு. ஜப்பான் கொரியாவை ஆண்ட 1910–1945 காலத்தில், யனாகி முனேயோஷி என்ற ஜப்பானிய விமர்சகர் கொரியக் கலையின் அழகே சோகத்தின் அழகு என்று எழுதினார். கொரியர்களே அதை எப்போதோ மறுத்துவிட்டார்கள். சியோலின் தேஹாங்னோ சிற்றரங்குகளில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். வீட்டு முன்பணம், வேலை கிடைக்காத மகன், குடும்பச் சண்டை என்று ஓடும். கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும்.

‘காவல்காரன்’ 1970களில், தென்கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீயின் ‘யூஷின்’ எனும் சர்வாதிகார ஆட்சியில், தணிக்கைக்கு நடுவே எழுதப்பட்டது. ஓநாய் வருகிறது என்று கோபுரத்திலிருந்து கத்துகிறார்கள். சிறுவன் ஏறிப் பார்த்தால் வெண்மேகம் மட்டும்தான். ஊர்த்தலைவர் அவனிடம் உண்மையை ஒப்புக்கொண்டே, ஊருக்குப் பொய் சொல்லச் சம்மதிக்க வைக்கிறார். இந்தக் குழுவின் மேடையில் அந்த ஊர்த்தலைவரோ கர்ஜிக்கிறார். ஐயா, அவர் கனிவாகப் பேசுவதுதானே பயங்கரம்! மூலத்தில் அவர் பையனிடம் பன்மலில் பேசுகிறார், நாம் சின்னப் பிள்ளையிடம் ‘நீ’ என்பதுபோல. பையன் மரியாதையாகவே பதில் சொல்கிறான். பெரியவர் சொல்லைத் தட்ட முடியாத அவன் தவிப்பு வினைச்சொல்லின் விகுதியிலேயே இருக்கிறது. ஆங்கிலப் பிரதியில் இருவருக்கும் ஒரே ‘யூ’. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கொரிய நாடகம் போடுகிறீர்களா? பிரதி கைக்கு வந்ததும் எழுதிய ஆண்டைப் பாருங்கள். யார் யாரிடம் என்ன மரியாதையில் பேசுகிறார், எங்கே மாற்றுகிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். வசனத்தில் வராததை நடிகரின் நிற்பில், பார்வையில் கொண்டுவரலாம். விழுந்து வணங்கும் காட்சியா? உயிரோடிருப்பவருக்கு ஒரு முறை, இறந்தவருக்கு இரண்டு முறை. எதிரே அமர்ந்திருக்கும் தகப்பனுக்கு மகன் இரண்டு முறை விழுந்ததை மேடையில் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஹான்போக் தேவைப்பட்டால் அணிபவரின் இடப்பக்க மடிப்புதான் மேலே வர வேண்டும்.

தயவுசெய்து, கொரிய மொழி தெரிந்த ஒருவரை முதல் வாசிப்புக்கே அழையுங்கள். அந்தக் குழு ஊர்த்தலைவரின் குரலைத் தணித்துவிட்டது. உடைகளை மாற்ற நாள் இல்லை.