பறக்கும் காருக்குக் கூரை போதாது

பள்ளியில் "2000-ஆம் ஆண்டில் உலகம்" என்று ஓவியப் போட்டி வைத்தால், பாதி வகுப்பு ஒரே படத்தைத்தான் வரைந்து வைப்போம். உயரமான கட்டடங்கள், அவற்றின் நடுவே சக்கரமில்லாத கார்கள். என் படத்தில் கூடுதலாக, கீழே குடை பிடித்தபடி நடந்து போகும் நாலு பேர். 2000 வந்தது, போனது. நெரிசலில் முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இன்றும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "அந்தப் பறக்கும் கார் என்னதான் ஆச்சு?"

வராமல் இல்லை. அமெரிக்காவில் மோல்ட்டன் டெய்லர் 1949-இலேயே 'ஏரோகார்' ஒன்றைச் செய்துவிட்டார். தரையிறங்கியதும் இறக்கைகளைக் கழற்றி, வண்டிக்குப் பின்னால் ட்ரெய்லராக இழுத்துப் போகலாம். 1956-இல் அரசு அனுமதியும் கிடைத்தது. ஆனால் மொத்தம் செய்தது ஆறுதான். ஸ்லோவாக்கியாவின் 'ஏர்கார்' 2021-இல் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, இறக்கையை மடக்கிக்கொண்டு சாலையில் ஓடியது. இரண்டுக்குமே ஓடுபாதை வேண்டும். நாம் வரைந்த கார் அப்படியா? நின்ற இடத்திலிருந்து நேரே மேலே எழும்பும். வில்லங்கமே அங்கேதான்.

தண்ணீர் நிறைந்த வாளியை மேசைமேல் வைத்தால் மேசை நாள் முழுக்கத் தாங்கும். அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் தோள் கடுக்கும். வாளி எங்கும் நகரவில்லை, ஆனாலும் உடம்பின் சக்தி கரைந்துகொண்டே இருக்கிறது.

காருக்குச் சாலைதான் அந்த மேசை. எடையை அது சும்மா தாங்கிக்கொள்கிறது. காற்றின் தடையையும் டயர் உருளும் தடையையும் வென்றால் போதும், எஞ்சினின் வேலை முடிந்தது. 1,500 கிலோ கார் ஒன்று சமதளத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓட, சக்கரங்களுக்குத் தேவைப்படுவது சுமார் 8 கிலோவாட்தான்.

அந்தரத்தில் மேசை கிடையாது. எடைக்கு ஈடாகக் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம்: நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளலாம், அல்லது கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளலாம். கிடைக்கும் உந்துவிசை ஒன்றுதான், செலவு ஒன்றல்ல. விசை என்பது நொடிக்கு நொடி தள்ளும் காற்றின் நிறையையும் அதன் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆற்றலிலோ வேகத்தின் இருமடி நுழைந்துவிடுகிறது. காற்றின் அளவு பாதியானால் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும், அப்போது செலவும் இரட்டிப்பாகிறது. சிக்கனமாகப் பறக்க ஒரே வழி, அகலமாக விரிந்து நிறையக் காற்றைப் பிடிப்பது. ஹெலிகாப்டரின் விசிறி அவ்வளவு நீளமாக இருப்பது இதனால்தான்.

காரோ குறுகலாக இருந்தால்தான் கார். நம் 1,500 கிலோ வண்டியின் மொத்தக் கூரையும், அதாவது சுமார் 8 சதுர மீட்டரும், விசிறி என்றே வைத்துக்கொள்வோம். வெறுமனே மிதந்து நிற்க, எந்த இழப்பும் இல்லாவிட்டால்கூட 400 கிலோவாட் ஆகும். தரையில் ஓடுவதைப்போல ஐம்பது மடங்கு! நிஜ விசிறியின் இழப்புகளையும் சேர்த்தால் 550-ஐத் தாண்டும். 10 மீட்டர் விட்டமுள்ள விசிறியாக இருந்தால் அந்த 400 என்பது 130 ஆகக் குறையும். ஆனால் அதை எந்தத் தெருவில் நிறுத்துவது?

பேட்டரி? ஒரு மின்சாரக் காரைச் சாலையில் சில நூறு கிலோமீட்டர் கொண்டுபோகிற 60 கிலோவாட்-மணி பேட்டரி, இங்கே ஆறு நிமிடம் தாக்குப்பிடிக்கும். அதுவும், அவ்வளவு வேகமாகச் சக்தியைக் கொட்ட அது சம்மதித்தால்.

இப்போது சோதனையில் இருக்கும் மின்சார வான் டாக்சிகளின் படங்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு அப்படியே தெரியும். பல விசிறிகள், எல்லாம் எட்ட எட்ட. பலவற்றில் மேலே போனபின் எடையைத் தாங்க இறக்கையும் உண்டு. இறக்கை பக்கவாட்டில் பெருமளவு காற்றை வாரிப் பிடிப்பதால் செலவு சட்டென்று குறைகிறது. நல்ல பொறியியல்தான். ஆனால் அதைக் கார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது சின்ன விமானம்.

அப்புறம் அந்தக் காற்று எங்கே போகும்? நம் கூரையளவு விசிறிக்கு அடியில் அது மணிக்கு ஏறக்குறைய 200 கி.மீ. வேகத்தில் பாயும். புயல் வேகம். என் ஓவியத்தில் குடையை இம்மியும் சாய்க்காமல் நடந்து போன அந்த நாலு பேருக்கு நான் அந்த வயதில் சிரித்த முகம் வேறு வரைந்திருந்தேன்.