மூளையில் ஒரு வெள்ளை வளையம்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த என் சித்தி மகன், போன மாம்பழ சீசனில் திடீரென்று கீழே விழுந்தான். முதலில் வலது கை வெட்டி இழுத்தது. பிறகு உடம்பு முழுவதும். கூட இருந்தவர்கள் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். இரும்புக்கு வலிப்பு அடங்காது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும் வலிப்புக்குச் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தால் போதும்.

மறுநாள் ஸ்கேன் எடுத்த இடத்தில் உறையை நீட்டியவர், “மூளையில் கட்டிபோல் தெரிகிறது” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். சித்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூளையின் இடப்பக்கத்தில் கொண்டைக்கடலை அளவில் ஒரு வெள்ளை வளையம். அறிக்கையில் 11 மி.மீ. என்று இருந்தது. வளையத்துக்குள், ஓரத்தை ஒட்டி, கோலப்புள்ளிபோல் ஒரு வெண்புள்ளி.

அந்த வளையம் எப்படி வருகிறது? ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றும் அயோடின் மருந்து, மூளையின் ரத்தக்குழாய்களை விட்டு வெளியே வராது. அங்கே குழாய்ச் சுவரின் செல்கள் இடுக்கில்லாமல் ஒட்டியிருக்கின்றன. அழற்சி வந்தாலோ, புற்றுநோய் வளர்ந்தாலோ அந்தக் கட்டுக்கோப்பு தளர்ந்து மருந்து கசியும். கசிந்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். எனவே வளையம் சொல்வது ‘இங்கே கசிகிறது’ என்பதை மட்டும்தான். கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய புற்றுநோய்க் கட்டியும் வளையம் காட்டும். காசநோய்க் கட்டியும் காட்டும். பன்றி நாடாப்புழுவின் இளம்புழுவும் காட்டும். குழப்பமே இதில்தான்.

1980களில் நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்களை இந்தக் குழப்பம் பாடாய்ப் படுத்தியது. வலிப்போடு வருகிறவர்களின் ஸ்கேனில் இப்படி ஒற்றைச் சிறு வளையமோ புள்ளியோ தெரியும். காசக்கட்டி என்று கருதிப் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் சிலருக்கு வலிப்பு மாத்திரை மட்டும் கொடுத்தபோதே புள்ளி மறைந்துபோனது. மறைகிற கட்டி என்ன கட்டி? வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் சில நோயாளிகளின் புள்ளியை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது செத்துக்கொண்டிருந்த புழு.

1993இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோல் மிக எளிமையானது. அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஸ்கேனில் தெரியும் புள்ளியோ வளையமோ 20 மி.மீ.க்கு உட்பட்டு, விளிம்பு சீராக, மூளையின் நடுக்கோட்டை ஒரு பக்கம் தள்ளாமல் இருக்க வேண்டும். நோயாளிக்கு வலிப்பு இருக்கலாம். நாளுக்கு நாள் கைகால் பலமிழப்பதோ, மூளையில் அழுத்தம் கூடுவதோ இருக்கக்கூடாது. இவை பொருந்தினால் அது பெரும்பாலும் புழு. மண்டையைத் திறக்க அவசரம் வேண்டாம். புற்றுக்கட்டி வளர்ந்துகொண்டே போகும். சாகிற புழு சுருங்கும். ஆகவே சில மாதம் விட்டு எடுக்கும் இரண்டாவது ஸ்கேன், முதலாவதைவிட அதிகம் பேசும்.

புழு உயிரோடு இருக்கும்வரை உடலின் எதிர்ப்புச் சக்தியை ஏய்த்து வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். சாகத் தொடங்கும்போதுதான் வேஷம் கலைந்து, சுற்றிலும் அழற்சி மூண்டு, வலிப்பு வரும். தம்பியின் வளையத்துக்குள் ஓரத்தில் இருந்த வெண்புள்ளி அந்தப் புழுவின் தலை.

வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்குப் பஸ்ஸில் போகும்போது சித்தி ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்: “நம் வீட்டில் பன்றிக்கறி தொட்டதே இல்லையே?” சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தில் முட்டைகள் வெளியேறும். கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக அந்த முட்டையை விழுங்குகிற எவருடைய மூளைக்கும், முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு ரத்தத்தோடு போய்ச் சேரலாம். சைவம், அசைவம் பார்க்காது. தளி, ஓசூர் பக்கத்து முட்டைக்கோஸின் மேல் ஊரே பழிபோடுகிறது. வேகவைத்த கோஸில் முட்டை பிழைக்காது.

தம்பிக்கு வலிப்பு மாத்திரையோடு அல்பெண்டசோலும், அழற்சியை அடக்க ஸ்டீராய்டும் சில நாட்கள் கொடுத்தார்கள். அல்பெண்டசோல் மருந்துக்கடையில் கிடைக்கிற சாதாரணப் பூச்சி மாத்திரைதான். ஆனால் ஸ்கேன் பார்க்காமல் தானே வாங்கி விழுங்கினால் வம்பு: மூளையில் நிறையப் புழுக்கள் இருந்து ஒரே சமயத்தில் செத்தால் மூளையே வீங்கிவிடும்.

மறுபடி எடுத்த ஸ்கேனில் வளையம் இல்லை. அது இருந்த இடத்தில், கால்சியம் படிந்து, குருணை அளவில் ஒரு வெண்பொட்டு. அந்தத் தழும்பாலும் வலிப்பு வரலாம் என்பதால் மாத்திரை தொடர்கிறது. பைக் சாவி இன்னும் சித்தப்பாவிடம்தான் இருக்கிறது. சித்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். முட்டைக்கோஸ் மட்டும் இன்றுவரை வாங்குவதில்லை.